ஐயரம்மா போட்ட முடிச்சு

மே 18, ஞாயிறு

இன்று ஆராதனைக்குப் பதினொரு பேர். பக்கத்துப் பண்ணைக்காரர் கெரெய்ன்ட்டின் நாயையும் சேர்த்தால் பன்னிரண்டு. பிரசங்கம் முடியும்வரை கண்ணை மூடாமல் கேட்டது அந்த நாய் மட்டும்தான்.

வேல்ஸ் நாட்டின் இந்த மலைக் கிராமத்துக்கு நாங்கள் மிஷனரிகளாக வந்து ஆகஸ்டோடு இரண்டு வருஷம் முடிகிறது. ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் கப்பலேறி வந்து நம் பனங்காட்டுக்குள் கோவில் கட்டினார்கள். இப்போது அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பிரசங்கம் பண்ண ஆள் இல்லை என்று, பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வு பெற்ற ஐயர் ஒருவரையும் அவர் மனைவியையும் வரவழைத்திருக்கிறார்கள். போன மாதம் போனில் பேசிய ஒரு சென்னைக்காரர், "ஐயர்னா பிராமணரா?" என்று கேட்டார். திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவக் கோவில் குருவானவர்தான் ஐயர், அவர் மனைவி ஐயரம்மா என்று அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. நாற்பது வருஷமாக நான் ஐயரம்மா. லில்லி புஷ்பம் என்ற பேரைப் பாதியாக்கி இங்கே என்னை லில்லி என்கிறார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி.

இன்னும் ஒரு வருஷம் இருக்க முடியுமா என்று மிஷன் ஆபீஸில் கேட்டிருக்கிறார்கள். ஜூன் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். முடியாது என்று நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன். இவர், "ஜெபிச்சுப் பாப்போம் புஷ்பம்" என்றார். எனக்குத் தெரியாதா இவரை? ஜெபித்துப் பார்ப்போம் என்றால், ஏற்கனவே முடிவு பண்ணியாயிற்று, என்னிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை என்று அர்த்தம்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. எங்கள் சொந்த வீடு. கல்யாணமான நாளிலிருந்து, சபை ஐயருக்குக் கொடுக்கும் குருமனை மாற்றி குருமனையாகக் குடியிருந்துவிட்டேன். ஒரு சுவரிலும் ஓர் ஆணி அடிக்க முடியாது, எல்லாம் திருமண்டலத்துச் சொத்து. கடைசியில் ஒரு வீடு கட்டி, வாசலுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்த கேட்டும் போட்டோம். பிரதிஷ்டை ஜெபம் நடந்த மூன்றாவது வாரம் இவர் என்னை விமானத்தில் ஏற்றிவிட்டார். அந்த கேட்டை நான் ஆசை தீரத் திறந்து மூடியதுகூட இல்லை.

மே 20, செவ்வாய்

காலைச் சாப்பாடு முடிந்ததும் இவருக்கு நடக்க வேண்டும். மழை, பனி, காய்ச்சல், எதுவும் இவரைத் தடுக்காது. ஊழியம் செய்ய அனுப்பினார்களா, மலையை அளக்க அனுப்பினார்களா என்று எனக்கே சந்தேகம்.

இவருக்குக் குனிய வராது, முதுகு பிடித்துக்கொள்ளும். ஆகவே தினமும் நான் தரையில் உட்கார்ந்து இவர் பூட்ஸ் கயிற்றைக் கட்டிவிட வேண்டும். இவர் கட்டினால் தெருமுனை தாண்டுவதற்குள் அவிழ்ந்துவிடும். நான் போடுவது அப்பா மாட்டுவண்டிப் பாரத்துக்குப் போடுகிற முடிச்சு. தானாக அவிழாது. மார்ச்சில் இவர் ஓடையில் வழுக்கி விழுந்தபோது, கெரெய்ன்ட் தன் வீட்டு அடுப்பங்கரையில் இவரை உட்கார வைத்து அந்த முடிச்சோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டுக் கடைசியில் கத்தியால் அறுத்தார். 'இது யார் போட்ட முடிச்சு?' என்று கேட்டாராம். இவரும் பெருமையாக என் பேரைச் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கோவிலின் மூப்பர், ஆர்கன் வாசிப்பவர், சாவி வைத்திருப்பவர், எல்லாம் கெரெய்ன்ட்தான்.

தனியாக விட்டால் இவர் எங்காவது விழுந்து கிடப்பார் என்பதால் நானும் கூடவே போகிறேன். அதற்காகத்தான் போகிறேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வேலிக்கு வேலி வைத்திருக்கும் மரப்படிகளில் ஏறி இறங்கி, ஆட்டுப் புழுக்கையில் கால் வைத்து. எனக்கும் பூட்ஸ் வாங்கச் சொல்கிறார். ஊருக்குப் போகப் போகிறவளுக்கு எதற்கு பூட்ஸ்? என் கேன்வாஸ் செருப்பே போதும்.

இன்று மரத்தடியெல்லாம் நீலப்பூ. கம்பளம் விரித்த மாதிரி. போன வருஷத்தைவிட நான்கு நாள் முந்திப் பூத்திருக்கிறது.

மே 23, வெள்ளி

மழை பெய்து நாளாகிவிட்டது. வேல்ஸில் இது பெரிய செய்தியாம். தபால்காரர்கூட வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். இவர்களைக் கொண்டுபோய் ஒரு மே மாதம் நாங்குநேரியில் நிறுத்த வேண்டும்.

மே 26, திங்கள்

மேல்பாதையில் போனோம், கெரெய்ன்ட்டின் மேட்டு வயல் வழியாக. நல்ல வெயில். ஃப்ளாஸ்க்கில் டீ, ஒரு டப்பாவில் முறுக்கு. இவர் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு ஏதோ குருவியைத் தேடி முன்னால் போய்விட்டார், வழக்கம்போல. இவர் என்றைக்கு என் பக்கத்தில் நடந்தார்? ஊரில் சபையார் வீடு சந்திப்புக்குப் போகும்போதும் பத்தடி முன்னால்தான் போவார்.

வயலின் கீழ்ப்பக்கத்து கேட் ஆவென்று திறந்து கிடந்தது. குட்டிகளோடு அத்தனை ஆடுகள் உள்ளே மேய, இப்படியா போட்டுவிட்டுப் போவார்கள்? எந்தக் குருமனையிலும் எனக்குப் பாதிப் பிழைப்பு இதுதான். கேட் ஒரு நிமிஷம் திறந்திருந்தால் ஊர் ஆடெல்லாம் உள்ளே வந்து கறிவேப்பிலையிலிருந்து ரோஜா வரைக்கும் மொட்டையடித்துவிடும். சில ஆடுகளுக்குக் கொண்டியை மூக்கால் தூக்கவே தெரியும். அதனால் சாத்தினால் மட்டும் போதாது, கட்டவும் வேண்டும். கேட்டில் ஒரு நீலக் கயிறு தொங்கியது. சாத்திக் கட்டிவிட்டு வந்தேன். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த நாட்டுக்காரர்களின் ஆட்டுக்கும் நான்தான் காவல்.

உச்சிப் பாறையில் உட்கார்ந்து டீ குடித்தோம். ஏழு மலை தெரிந்தது. இவர் என் பங்கு முறுக்கையும் தின்றார்.

மே 27, செவ்வாய்

மிஷன் கூட்டத்துக்காக நகரத்துக்கு வந்திருக்கிறோம். வியாழக்கிழமைதான் திரும்புகிறோம். பதிலைப் பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். இவர் ஜன்னலைப் பார்த்தபடி, "ஜெபிச்சிட்டிருக்கோம்" என்றார். நான் மேஜைக்கடியில் இவர் காலை மிதித்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

எங்கிருந்து எழுதுவது என்று தெரியவில்லை. எரிச்சலாக வருகிறது.

ஆராதனை முடிந்து எல்லோரும் கோவிலுக்குள்ளேயே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கெரெய்ன்ட் கோப்பையைக் கையில் எடுக்காமல் நின்றார். இவர்கள் இங்கிலீஷை நான் இங்கிலீஷில் எழுதி என்ன செய்ய? கெரெய்ன்ட் பேசினால் என் காதுக்குச் சாத்தான்குளத்துச் சம்சாரி ஒருத்தர் வயக்காட்டில் நின்று பேசுவது போலத்தான் இருக்கும். அப்படியே எழுதுகிறேன்.

"மேட்டு வயல்ல ஊத்து வத்திப் போச்சு. ஆடு ஓடைக்கு எறங்கித் தண்ணி குடிக்கட்டும்னுதான் கீழ கேட்டத் தெறந்து வச்சிருந்தேன். யாரோ சாத்திட்டுப் போயிட்டாவ. நானும் புல்லு அறுக்கிற மும்முரத்துல ரெண்டு நாளு மேல போகல. புதன்கிழம சாயங்காலம் போய்ப் பாத்தா, அம்புட்டு ஆடும் கேட்டுக்கிட்ட குமிஞ்சு கெடக்கு. ரெண்டு குட்டி செத்துப் போச்சு. ஒரு தாயாடு சுவரத் தாண்டப் பாத்துக் காலு ஒடிஞ்சு, அதயும் சுட்டுக் கொல்ல வேண்டியதாப் போச்சு. திங்கக்கிழம மேல் பாதையில போனது யாரு?"

நான் கோவிலை ஒட்டிய அடுப்பங்கரையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். குழாய் திறந்திருந்தது.

இவர் சொன்னார்: "நான்தான் கெரெய்ன்ட். நான்தான் சாத்தினேன்."

கெரெய்ன்ட் இவரை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இவர் காலில் கிடந்த பூட்ஸைப் பார்த்தார். நாயைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் மனைவி மேகனும் பின்னாலேயே போனாள்.

வீட்டுக்கு வந்து இவரைப் பிடி பிடி என்று பிடித்தேன். பறவை பார்க்கிறேன், பல்லி பார்க்கிறேன் என்று வாயைத் திறந்துகொண்டு நடந்தால் இப்படித்தான் ஆகும். இங்கே வழியில் எத்தனை பலகை வைத்திருக்கிறார்கள், கேட்டை எப்படிக் கண்டாயோ அப்படியே விட்டுவிட்டுப் போ என்று! இவர், "ஆமா புஷ்பம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

ஜூன் 3, செவ்வாய்

அன்றைக்கு யார் எதைச் சாத்தினார்கள் என்று யாருக்கு நினைவிருக்கிறது? நாங்கள் போன வழியில் எத்தனையோ கேட். வேறு யாராவதும் போயிருக்கலாம். நடக்கிறவர்கள் தினமும்தான் வருகிறார்கள்.

தங்கை செல்லக்கனி போன் பண்ணினாள். நம் வீட்டு கேட்டின் கொண்டி துருப்பிடித்து உடைந்துவிட்டதாம். "கேட்டு தெறந்தேதான் கெடக்கு அக்கா. ஆடு உள்ள வந்து ஒன் செம்பருத்தியப் பூராத் தின்னுட்டு. கயிறு போட்டுக் கட்டி வச்சிருக்கேன். நீ எப்ப வாரே?" என்றாள். ஆகஸ்ட் என்றேன். செம்பருத்தி போனதற்கு நான் துடித்திருக்க வேண்டும். கயிறு என்ற வார்த்தை மட்டும் காதில் நின்றது. அவளிடம் எரிந்து விழுந்துவிட்டுப் போனை வைத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஆறு பேர். கெரெய்ன்ட், மேகன், மேகனின் அக்கா வீட்டார், யாரும் வரவில்லை. சாவி மட்டும் கதவடியில் பூந்தொட்டிக்குக் கீழே இருந்தது. ஆர்கன் இல்லாமல் பாடினோம். இவர் ஒரு ராகத்தில், மற்றவர்கள் ஒரு ராகத்தில். நாய் உட்காரும் இடம் காலியாகக் கிடந்ததைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மூன்று ஆட்டுக்காகக் கோவிலுக்கே வராமல் இருப்பார்களா? இவர்தான் மறுநாளே பண்ணைக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாரே! வாசலிலேயே நிற்க வைத்து, 'சரி' என்று ஒற்றைச் சொல் சொல்லி அனுப்பினாராம் கெரெய்ன்ட். நல்ல மூப்பர்.

ஜூன் 10, செவ்வாய்

இவர் மலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். தார் ரோட்டில் தபால்பெட்டி வரைக்கும் போய்த் திரும்புகிறார். இரண்டு வருஷமாக நடக்காதீர்கள், நடக்காதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேனே, இப்போது நடக்காத இவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பைனாகுலரைத் துடைக்கிறார். துடைத்ததையே துடைக்கிறார்.

மத்தியானம் சொன்னார்: "சரி புஷ்பம். ஊருக்கே போயிருவோம். இருக்க முடியாதுன்னு ஆபீஸுக்கு எழுதிப் போட்டுருதேன்."

எத்தனை மாதமாக இதைக் கேட்கக் காத்திருந்தேன். ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்திருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னிக்கே எழுதணும்னு என்ன தலையெழுத்து? மாசக் கடைசி வரைக்கும் நாள் கெடக்கு." ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. பழியோடு போகக்கூடாது, அவ்வளவுதான். இந்த மனுஷன் எந்த சேகரத்துச் சபையிலிருந்தும் தலை குனிந்து போனதில்லை. இங்கிருந்தும் அப்படிப் போகக்கூடாது.

ஜூன் 12, வியாழன்

அந்த முடிச்சு நான் போட்டது.

ஜூன் 13, வெள்ளி

எழுதிவிட்டேன், இனி என்ன. நேற்று காலை, தபால்பெட்டிக்குப் போக இவருக்கு பூட்ஸ் கட்டிவிட்டேன். கயிற்றை இழுத்து இறுக்கும்போது கை அப்படியே நின்றுவிட்டது. இவர் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும் என்று இவருக்குத் தெரியும். இவருக்குத் தெரியும் என்று எனக்கும் முதல் நாளே தெரியும். தட்டு கழுவுகிற சத்தத்தில் காது கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டு பன்னிரண்டு நாள் ஓட்டிவிட்டேன்.

இன்று டீயைக் கொண்டு வைத்துவிட்டுக் கேட்டேன்.

"ஏங்க, நீங்க எதுக்கு அப்படிச் சொன்னீய? நான் கட்டுனதப் பாத்தியளா?"

"பாக்கல. கெரெய்ன்ட் கேட்டதும் தெரிஞ்சு போச்சு. வேற யாரு போற வழியில எல்லாம் கேட்டச் சாத்துவா?"

"அப்ப எந்தலையில போட வேண்டியதுதான? ஐயரா இருந்துகிட்டு, கோயிலுக்குள்ள நின்னு, கூசாமப் பொய் சொல்லுதீய!"

"கூசத்தான் செஞ்சுது."

"பெறகு?"

இவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஏற்கனவே ஆறிப்போன டீ.

"அவரு ஒன்னய ஒரு வார்த்த சொல்லிட்டா, நீ அதுக்கப்புறம் மலைக்கு வரமாட்ட. எனக்குத் தெரியும். தனியா நடக்க எனக்குப் பிடிக்காது புஷ்பம்."

"முன்னால முன்னால ஓடுவீய. கூட நடக்கிற மாதிரிதான்!"

"முன்னால போனாலும் நீ பின்னால வாற சத்தம் கேக்கும்லா? ஏசிக்கிட்டே வருவ. ஊர்ல நாம எப்ப நடந்தோம்? நான் சபையாரோட போவேன், நீ இருவது பேருக்குச் சோறு வடிச்சிக்கிட்டு இருப்ப. எந்த ஐயரம்மாவயும் சபை நல்லாச் சொன்னதில்ல. ஒன்னயும் எத்தனையோ சொல்லியிருக்காவ. நான் ஒரு நாளும் வாயத் தெறந்ததில்ல. இங்கயாவது..." என்று நிறுத்திவிட்டார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இதையெல்லாம் சொல்ல ஒரு மனுஷன் இத்தனை வருஷம் எடுத்துக்கொள்வானா? அதுவும் மூன்று ஆடு செத்த பிறகு? "டீயக் குடுங்க, சூடாக்கித் தாரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு அழுதேன். சந்தோஷமா, வெட்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஜூன் 16, திங்கள்

இவரிடம் சொல்லாமல் கிளம்பினேன். கடைக்குப் போகிறேன் என்றேன். ஐயர் பொய் சொல்லலாம் என்றால் ஐயரம்மாவும் சொல்லலாம்.

பண்ணைக்குத் தார் ரோடு வழியாகப் போயிருக்கலாம். மேல்பாதையில்தான் போனேன். தனியாக. முதல் மரப்படியில் சேலை மாட்டிக்கொண்டது, இரண்டாவதில் முழங்கால் உரசியது. மேட்டு வயல் கேட் திறந்திருந்தது. ஆடுகள் ஓடைக்கும் வயலுக்கும் போய் வந்துகொண்டிருந்தன. கம்பத்தில் அறுபட்ட நீலக் கயிற்றின் ஒரு துண்டு இன்னும் அப்படியே இருந்தது. முடிச்சு அவிழவில்லை. அவிழ்க்க முடியாமல் பக்கத்தில் அறுத்திருக்கிறார்கள். எத்தனை குட்டி இதன் முன்னால் கத்தியதோ. அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

கெரெய்ன்ட் கொட்டகையில் ஓர் ஆட்டின் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தார். வணக்கமும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. நானும் முன்னுரை எதுவும் வைக்கவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்த இங்கிலீஷ் முழுக்க மறந்துபோய், "கேட்டைச் சாத்தியது நான். கட்டியதும் நான்" என்றேன்.

அவர் குளம்பை விடவில்லை. "தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"அந்த முடிச்ச நான் ஒரு தடவ அறுத்திருக்கேன். மார்ச் மாசம். மறந்திருவேனா? இதயும் அதே கத்தியாலதான் அறுத்தேன்."

எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். மன்னிப்புக் கேட்க வந்தவள் நான், அதைக்கூட மறந்துவிட்டேன். "தெரிஞ்சும் எதுக்குச் சபை முன்னால அவரக் கேட்டீய? எதுக்கு ரெண்டு வாரமா கோயிலுக்கு வரல?"

கெரெய்ன்ட் ஆட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது.

"நான் அவரக் கேக்கல. பொதுவாத்தான் கேட்டேன். நீ அடுப்பங்கரையிலயிருந்து வந்து, நான்தான்னு சொல்லுவன்னு நெனச்சேன். சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். ஆடு சாகத்தான் செய்யும், வருஷா வருஷம் சாவுது. ஐயரு என் மூஞ்சியப் பாத்துப் பொய் சொன்னாரே, அதுதான் எனக்குப் பொறுக்கல. மறுநாளும் வீட்டுக்கு வந்து அதே பொய்யச் சொல்லுதாரு. எங்கம்மாவ அடக்கம் பண்ணுனது அவரு. அவரு அன்னைக்குச் சொன்ன வார்த்தைய எல்லாம் நான் நம்பிக்கிட்டிருக்கேன். இப்ப எத நம்ப, எத விட?"

ஆட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தோம், வீட்டில் நானும் இவரும். கெரெய்ன்ட் உட்கார்ந்து பாரம் சுமந்தது வேறு எதற்கோ.

"எனக்காகச் சொன்னாரு" என்றேன். "நான் கோவிச்சுக்கிட்டு நடக்க வராமப் போயிருவேன்னு பயந்து சொன்னாரு."

கெரெய்ன்ட் கொஞ்ச நேரம் என் கேன்வாஸ் செருப்பையே பார்த்தார். சேறு, புழுக்கை, பக்கத்தில் ஒரு கிழிசல்.

"இதப் போட்டுக்கிட்டா மேல் பாதையில வந்த?"

"ஆமா."

"காலு ஒடிஞ்சா ஒன்னயும் சுட வேண்டியதுதான்" என்றார். சிரிக்கவில்லை. ஆனால் ரோடு வரை கூட வந்தார்.

ஜூன் 17, செவ்வாய்

நடந்ததை இவரிடம் சொன்னேன். முகம் வெளிறிவிட்டது. "அவங்க அம்மா அடக்கத்தச் சொன்னாரா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். பூட்ஸ் கட்டிவிடட்டுமா என்றேன். வேண்டாம் என்று வீட்டுச் செருப்போடே போனார். பண்ணை வரைக்கும் போய், கதவைத் தட்டாமல் திரும்பி வந்துவிட்டார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான் என்னதான் செய்வது?

ஜூன் 22, ஞாயிறு

பதினொரு பேர். நாயும் வந்தது.

கெரெய்ன்ட் எங்களைப் பார்க்காமல் நேராக ஆர்கனில் போய் உட்கார்ந்தார். திருவிருந்துக்கு முன்னால், ஒருவரோடொருவர் சமாதானம் சொல்லும் இடத்தில், இவர் பீடத்தை விட்டு இறங்கினார். ஆர்கன் பக்கத்தில் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "கெரெய்ன்ட், நான் உங்களிடம் இரண்டு தடவை பொய் சொன்னேன். ஒரு தடவை இந்தக் கோவிலுக்குள்ளேயே சொன்னேன். உங்கள் அம்மா அடக்கத்தில் நான் சொன்னது எதுவும் பொய் இல்லை" என்றார். குரல் உடைந்துவிட்டது. கெரெய்ன்ட் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கிழவர்களும் கையை விடாமல் நின்றார்கள். யாருக்கும் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. நான்தான் கடைசி பெஞ்சிலிருந்து இருமினேன்.

டீ நேரத்தில் நான் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இரண்டு குட்டி, ஒரு தாயாடு, என் கை. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மேகன் தட்டு துடைக்க வந்தாள். என் காதருகில் சொன்னாள்: "முப்பத்தாறு வருஷமாச்சு லில்லி, எம்புருஷன் எனக்காக ஒத்தப் பொய் சொன்னதில்ல." கெரெய்ன்ட்டுக்குக் கேட்டிருக்கும். அவர் பிஸ்கட்டை நாய்க்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஜூன் 26, வியாழன்

செல்லக்கனி மறுபடியும் போன். கேட்டுக்குப் புதுக் கொண்டி போட்டுவிட்டாளாம். டிக்கெட் எந்தத் தேதிக்கு என்று கேட்டாள். இங்கே நேரம் சரியில்லை, பிறகு பேசுகிறேன் என்றேன்.

நகரத்துக்கு பஸ் இருக்கிறதா என்று விசாரித்தேன். சும்மாதான்.

ஜூன் 30, திங்கள்

காலையில் இவர் மேஜையில் உட்கார்ந்து, இருக்க முடியாது என்று மிஷன் ஆபீஸுக்கு எழுதத் தொடங்கினார். முதல் வரியிலேயே மூக்கை உறிஞ்சினார். சளி என்றார். ஜூன் மாத வெயிலில் சளி.

நான் உள்ளே போய் ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல், எழுதுகிற தாளின் மேலேயே வைத்தேன். திறந்து பார்த்தார். பழுப்புத் தோல், சிவப்புக் கயிறு. என் அளவு. சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய் வாங்கி வந்தேன். இரண்டு நாளாகக் கட்டிலடியில் ஒளித்து வைத்திருந்தேன்.

"புஷ்பம், இது என்னது?"

"பாத்தாத் தெரியலையா? கடைக்காரப் பிள்ள சொல்லுதா, இது காலுக்குப் பழகவே ஆறு மாசம் ஆகுமாம். ஆகஸ்ட்ல போனா இத ஆருக்குக் குடுக்க? செல்லக்கனி போட மாட்டா. ஒரு வருஷம் இருக்கோம்னு எழுதுங்க. ஒரே ஒரு வருஷம். அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது, சொல்லிட்டேன்."

"ஜெபிச்சு..." என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் பேனாவை எடுத்துவிட்டார்.

எழுதி முடித்ததும், எனக்கு இவர் கட்டிவிடுவாராம். குனிய முடியாது என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். இவரைத் திரும்ப எழுப்புவது தனி வேலை. சிவப்புக் கயிற்றைச் சுற்றி, இழுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு ஏதோ ஒன்று கட்டினார். இரண்டாவது மரப்படியில் அவிழ்ந்துவிட்டது. நான் என் முடிச்சைப் போடவில்லை. தொங்கவிட்டுக்கொண்டே நடந்தேன், இவர் பார்த்தால் இன்னொரு தடவை கட்டட்டும் என்று.

மழை இன்னும் வரவில்லை. மேட்டு வயல் கேட் ஆவென்று திறந்து கிடந்தது. ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. இவர் வழக்கம்போல முன்னால் போய்விட்டார். ஆனால் கேட் தாண்டி நின்று, பைனாகுலரைக் கையில் வைத்துக்கொண்டு, குருவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். எனக்குக் கை அரித்தது. சேலை முந்தியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்த கேட்டைக் கடந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். திறந்தேதான் கிடந்தது.

"என்ன பாக்கிய? நடங்க" என்றேன். இவர் நடக்கவில்லை. நான் பக்கத்தில் வரும்வரை நின்றார்.